செய்தியை நம்பலாமா?

பங்குனி வெயில் ஏறிக்கொண்டிருந்த ஒரு முற்பகல் வேளையில், வட தமிழ்நாட்டுக் கல்லூரி ஒன்றிலே பேசப் போயிருந்தேன். பத்திரிகைத் தொழிலைப் பற்றி இறுதியாண்டு மாணவர்களுக்கு ஏதேனும் சொல்ல வேண்டுமென்று அழைத்திருந்தார்கள். நானோ நாற்பது ஆண்டுகள் செய்தித்தாள் அலுவலகத்து மேசை ஒன்றின் முன் அமர்ந்து, பிறர் எழுதியதைத் திருத்தியே காலங் கழித்தவன். மேடையேறிப் பேசிப் பழக்கமில்லை. ஆகையால் பேச்சைத் தொடங்குவதற்கு முன்பு இரண்டு கேள்விகளைக் கேட்டேன்.

"செய்தித்தாளில் வருகிற செய்திகளையும், தொலைக்காட்சியில் சொல்லுகிற செய்திகளையும் உங்களுள் எத்தனை பேர் நம்புகிறீர்கள்?" என்பது முதற் கேள்வி. அறையில் அறுபது பேர் இருந்திருப்பார்கள். உயர்ந்த கைகள் ஐந்து. அவற்றுள்ளும் ஒன்று, பக்கத்தில் இருந்தவனைப் பார்த்துவிட்டுப் பாதியிலே இறங்கிவிட்டது. "பத்திரிகைத் தொழிலைப் படித்து அதிலே ஈடுபட விரும்புகிறவர்கள் எத்தனை பேர்?" என்பது இரண்டாவது கேள்வி. இதற்குப் பதினான்கு கைகள் உயர்ந்தன. அந்தப் பதினால்வருள் ஒருவர்கூட முதற் கேள்விக்குக் கை தூக்கியவர் அல்லர்.

எனக்கு வியப்பாக இருந்தது. மருந்திலே நம்பிக்கை இல்லாதவன் மருத்துவம் படிக்க வருவதுண்டா? நீதிமன்றத்தை நம்பாதவன் வக்கீலுக்குப் படிப்பானா? படிப்பான் என்றே இப்போது தோன்றுகிறது. அதைப் பற்றித்தான் இன்று நேயர்களோடு பேச விரும்புகிறேன்.

கூட்டம் முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது, கை தூக்கிய பதினால்வருள் ஒரு மாணவி அருகில் வந்து நின்றாள். அவள் ஊர் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு சிற்றூர். "2018ஆம் ஆண்டு எங்கள் பக்கத்திலே நடந்தது உங்களுக்கு நினைவிருக்கிறதா, ஐயா?" என்று கேட்டாள். நினைவில்லாமலா? அந்த ஆண்டு மே மாதம் 9ஆம் நாள், சென்னையிலிருந்து குலதெய்வத்தை வழிபடுவதற்காகக் காரிலே வந்த ஒரு குடும்பத்தார், போளூருக்கு அருகே வழி விசாரிக்க இறங்கினார்கள். அவர்களுள் ஒரு மூதாட்டி அங்கே விளையாடிக்கொண்டிருந்த குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிற கூட்டம் ஊருக்குள் வந்துவிட்டது என்ற கூக்குரல் எழுந்தது. கூடிவிட்ட கும்பல் அவர்களை அடித்து நொறுக்கியது. 65 வயதான அந்த மூதாட்டி உயிர் இழந்தார். பல நாட்களாகக் கைப்பேசி வழியே பரவியிருந்த பொய்ச்செய்திதான் அந்தக் கும்பலின் கைகளிலே கம்பைக் கொடுத்தது.

"அந்தச் செய்தி எங்கள் வீட்டுக் கைப்பேசிக்கும் வந்தது, ஐயா. வடநாட்டிலிருந்து பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள், எச்சரிக்கையாக இருங்கள் என்று இருந்தது. அப்பா அதை எங்கள் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் அனுப்பினார். யார் வீட்டுப் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்றுதான் அனுப்பினார்." இவ்வளவும் சொல்லிவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு தன் காரியத்தைச் சொன்னாள். பட்டப்படிப்பு முடிந்ததும் பத்திரிகைக் கல்வியிலே மேற்படிப்புச் சேர வேண்டுமென்பது அவள் விருப்பம். தந்தையார் ஒப்பவில்லை. 'பொய் சொல்லிப் பிழைக்கிற தொழில் நம் வீட்டுப் பெண்ணுக்கு வேண்டாம்' என்கிறாராம். "அப்பாவிடம் நீங்கள் ஒரு தடவை பேசுவீர்களா, ஐயா?" என்று கேட்டுத் தொலைபேசி எண்ணை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். சரி என்று வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அவரிடம் என்னவென்று பேசுவது? ரெயில் ஏறி வீடு திரும்பும் வரையில் இதே சிந்தனைதான்.

அப்போது என் நினைவுக்கு வந்தவர்கள் சென்னைப் பட்டணத்து இளைஞர்கள் அறுவர். அவர்கள் கதை பத்திரிகை உலகிலே எல்லாரும் அறிந்தது. ஆயினும் அதை இந்த நோக்கிலே சொல்லுவார் அரியர்.

1878ஆம் ஆண்டு. திருவாரூர் முத்துசாமி ஐயர் சென்னை உயர்நீதிமன்றத்தின் நீதிபதியாக நியமனம் பெற்றார். அந்த இருக்கையிலே இந்தியர் ஒருவர் அமர்வது அதுவே முதல் தடவை. ஆங்கிலேயர் நடத்திய பத்திரிகைகளுக்கு இது பொறுக்கவில்லை. நியமனத்தைக் குறை கூறி எழுதின. பட்டணத்திலே படித்தவர்கள் காலையில் கையில் எடுப்பது அந்தப் பத்திரிகைகளைத்தான். அவற்றிலே எழுதியிருப்பது நியாயமன்று என்று எல்லாரும் அறிவார்கள். ஆனால் மறுத்துச் சொல்லுவதற்கு இடம் இல்லை. அந்நிலையிலே ஜி. சுப்பிரமணிய ஐயர், எம். வீரராகவாச்சாரியார் என்ற இரு ஆசிரியர்களும், சட்டம் படித்துக்கொண்டிருந்த மாணவர்கள் நால்வரும் ஒன்று கூடினார்கள். சுப்பிரமணிய ஐயருக்கு வயது 23, வீரராகவாச்சாரியாருக்கு 21. மாணவர் நால்வர் டி. டி. ரங்காச்சாரியார், பி. வி. ரங்காச்சாரியார், டி. கேசவராவ் பந்த், என். சுப்பாராவ் பந்துலு என்போர். ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கினார்கள். தங்கசாலைத் தெருவில் இருந்த ஸ்ரீநிதி அச்சுக்கூடத்திலே 80 பிரதிகள் அச்சிட்டார்கள். செப்டம்பர் 20ஆம் நாள் 'இந்து' என்ற வாரப் பத்திரிகை பிறந்தது.

சட்ட மாணவர் நால்வரும் படிப்பு முடிந்ததும் தத்தம் தொழிலைப் பார்க்கப் போய்விட்டார்கள். அதிலே குற்றம் ஒன்றும் இல்லை. பத்திரிகையை நம்பி அக்காலத்திலே குடும்பம் நடத்த முடியாது. (இக்காலத்திலே முடியுமா என்பதைப் பின்னர்ச் சொல்லுகிறேன்.) மற்ற இருவரும் நிலைத்து நின்றார்கள். பத்திரிகை 1883இல் வாரம் மும்முறையாகவும், 1889இல் நாளிதழாகவும் வளர்ந்தது. சுப்பிரமணிய ஐயர் இதனோடு நிற்கவில்லை. ஆங்கிலம் அறியாத மக்களுக்குச் செய்தி போய்ச் சேர வேண்டுமென்று 1882இல் 'சுதேசமித்திரன்' என்ற தமிழ்ப் பத்திரிகையையும் தொடங்கினார். அது 1899இல் நாளிதழாயிற்று. அந்தச் 'சுதேசமித்திர'னிலேதான் 1904ஆம் ஆண்டின் இறுதியில் ஓர் இளைஞர் உதவி ஆசிரியராக வந்து சேர்ந்தார். ஆங்கிலத்தில் வருகிற செய்திகளைத் தமிழாக்குவது அவருக்கு இட்ட வேலை. அப்போது 22 வயதிருக்கும். அவர் பெயர் சுப்பிரமணிய பாரதி.

இந்தக் கதையிலே நான் காண்பது யாது? அறுவரும் செய்தித்தாள் வாசகர்கள், வாசித்ததை நம்பாதவர்கள். நம்பாமையால் அவர்கள் செய்தித்தாளைத் தூர எறிந்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போகவில்லை. தாமே ஒன்றை அச்சிட்டார்கள். அவர்களும் நடுநிலையிலே நின்றவர்கள் அல்லர். முத்துசாமி ஐயரின் பக்கம் நின்றார்கள். அதைச் சொல்லியே நின்றார்கள். எழுதியது இன்னார், அச்சிட்டது இன்ன தெருவில் என்பதும் மறைவன்று. மறுப்பதற்கு வேண்டுவோர் தங்கசாலைத் தெருவுக்குப் போய்க் கதவைத் தட்டலாம்.

இங்கே நேயர்களை ஒரு சிறிய காரியம் செய்யும்படி வேண்டிக்கொள்ளுகிறேன். வீட்டில் இருக்கிற ஏதேனும் ஒரு செய்தித்தாளை எடுத்து, கடைசிப் பக்கத்தின் அடியிலே பாருங்கள். சிலவற்றில் உள்பக்கத்திலும் இருக்கலாம். எறும்பு ஊர்வதுபோலச் சின்னஞ்சிறு எழுத்திலே ஒரு வரி அச்சாகியிருக்கும். அச்சிட்டவர் இன்னார், வெளியிடுகிறவர் இன்னார், அச்சகம் இன்ன விலாசத்தில் உள்ளது, ஆசிரியர் இன்னார் என்பதே அந்த வரி. அதை விரும்பிப் படிப்பவர் எவரும் இல்லை. 1867ஆம் ஆண்டில் ஆங்கில அரசாங்கம் கொண்டுவந்த அச்சக, புத்தகப் பதிவுச் சட்டத்தின்படி வந்த வரி அது. அரசாங்கத்தின் கருத்து நம் நன்மையா? இல்லை. அரசை எதிர்த்து எழுதுகிறவன் யார் என்று தெரிந்தால்தானே பிடிக்கலாம்! அந்தச் சட்டம் 150 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, 2023இல் நிறைவேறிய புதிய சட்டத்துக்கு இடம் விட்டது. வரிமட்டும் இன்றும் அச்சாகிக்கொண்டுதான் இருக்கிறது. போலீசாருக்காகப் பிறந்த அந்த வரி வாசகனுக்கும் பயன்படும் என்பதை நான் என் தொழிலின் தொடக்கத்திலேயே, என் பிழை ஒன்றினாலே அறிந்துகொண்டேன்.

உதவி ஆசிரியனாகச் சேர்ந்து இரண்டு ஆண்டு ஆகியிருக்கும். ஓர் இரவு, பக்கத்தை முடிக்கிற நேரம். வெளியூர் நிருபர் டிரங்க் காலிலே கூப்பிட்டு, பஸ் விபத்து ஒன்றில் மாண்டவர்களின் பெயர்களைச் சொன்னார். இரைச்சலான கம்பி. நான் எழுதிக்கொண்டேன். எழுதிய பெயர்களை நிருபருக்குத் திரும்ப வாசித்துக் காட்டி, சரிதானா என்று கேட்க வேண்டும் என்பது எங்கள் அலுவலகத்து வழக்கம். அன்று வாசித்துக் காட்டவில்லை. அச்சுக்கோப்பவர் என் தோளருகே நின்றுகொண்டு, "சார், நேரமாகிறது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். தாளை அவர் கையிலே கொடுத்துவிட்டேன்.

நான்காம் நாள் காலையில் ஒரு கிழவர் அலுவலகத்து வாசலில் வந்து நின்றார். கையிலே மடித்த எங்கள் பத்திரிகை. கூடவே ஒரு சிறுவன். "இதிலே போட்டிருக்கிற விலாசம் இதுதானா?" என்று காவற்காரரைக் கேட்டிருக்கிறார். என் மேசைக்கு அழைத்து வந்தார்கள். "நான்தானய்யா அந்தச் செத்துப்போனவன்" என்றார். ஒரே ஊரில் ஒரே பெயருடையவர் இருவர்; தகப்பனார் பெயரின் முதலெழுத்து மட்டும் வேறு. இரைச்சலிலே நான் அதை மாற்றி எழுதியிருந்தேன். வெளியூரிலே வாழ்க்கைப்பட்ட அவர் மகள், செய்தியைப் படித்தவர்கள் சொல்லக் கேட்டுத் தலைவிரி கோலமாக ஓடி வந்தாளாம். வீட்டுத் திண்ணையில் தகப்பனார் வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பதைக் கண்டு மயங்கி விழுந்தாளாம். இதைச் சொல்லும்போது கிழவர் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. அவர் என்னை ஒரு கடுஞ்சொல்லும் சொல்லவில்லை. கேட்டது ஒன்றுதான்: "உயிரோடு இருக்கிறேன் என்று போட்டுவிடுங்கள். ரேஷன் கார்டிலே பேரை எடுத்துவிடப் போகிறார்கள்."

நான் நான்கு வரியில் திருத்தம் எழுதி, உள்பக்கத்து மூலை ஒன்றிலே போடும்படி குறித்து ஆசிரியரிடம் கொடுத்தேன். அவர் அந்தக் குறிப்பை அடித்துவிட்டார். விபத்துச் செய்தி எந்தப் பக்கத்தில் வந்ததோ அதே பக்கத்தில், அதே இடத்தில், பிழை எங்களுடையது என்ற சொல்லோடு வர வேண்டும் என்று சிவப்பு மையினால் எழுதினார். என்னை ஒன்றும் சொல்லவில்லை. சிறுவனைத்தான் கூப்பிட்டு, "விலாசம் எப்படிக் கண்டுபிடித்தாய், தம்பி?" என்று கேட்டார். "கடைசிப் பக்கத்திலே பொடி எழுத்திலே இருந்தது, தாத்தாவுக்குப் படித்துக் காட்டினேன்" என்றான் அவன். மூன்று மணி நேரம் பஸ்ஸிலே வந்திருக்கிறார்கள்.

செய்தியை நம்புவது என்றால் என்ன என்று யாரேனும் என்னைக் கேட்டால் அந்தக் கிழவரையே நினைப்பேன். அவர் எங்கள் பத்திரிகை பொய் சொல்லாது என்று நம்பி வரவில்லை. அவரைக் கொன்றுவிட்ட பத்திரிகை அல்லவா அது? பிழை நேர்ந்தால் போய்க் கேட்கலாம், கேட்டால் பதில் சொல்ல ஒருவன் இருப்பான் என்று நம்பி வந்தார். பத்திரிகைக்குப் பிழையே நேராது என்று சொல்லுகிறவனை நான் நம்பமாட்டேன். 1948ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்காவில் ஜனாதிபதித் தேர்தல். அச்சுத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் 'சிகாகோ டிரிபியூன்' வழக்கத்துக்கு முன்பே பக்கத்தை முடிக்க வேண்டியிருந்தது. வாக்குகளை எண்ணி முடிப்பதற்குள், ட்ரூமனை டூயி தோற்கடித்தார் என்று கொட்டை எழுத்திலே தலைப்பிட்டு வெளியிட்டுவிட்டது. வெற்றி பெற்றவர் ட்ரூமன். அவர் அந்தப் பத்திரிகையை உயர்த்திப் பிடித்துச் சிரிக்கிற புகைப்படம் உலகம் அறிந்தது. ஆத்திரத்துக்கும் அவசரத்துக்கும் பெரிய பத்திரிகை, சிறிய பத்திரிகை என்ற வேறுபாடு கிடையாது.

வானொலியிலே பேசிக்கொண்டு வானொலியை விட்டுவிடலாமா? 1984ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் காலையில் பிரதமர் இந்திரா காந்தி சுடப்பட்டார். அவர் இறந்த செய்தியைப் பி.பி.சி. பிற்பகலிலேயே உலகுக்குச் சொல்லிவிட்டது. நம் அகில இந்திய வானொலி முறைப்படி அறிவித்தபோது மாலையாகிவிட்டது. எங்கள் அலுவலகத்திலே அன்று எல்லாரும் பி.பி.சி.யைச் சூழ்ந்து நின்றோம். பொறுப்பு கருதித் தாமதித்தார்கள் என்று சொல்லுவார் உண்டு. இருக்கலாம். ஆயினும் அன்று வேறு அலைவரிசைக்குத் திருப்பிய கைகளுள் எத்தனை பிறகு திரும்பி வந்தன என்பதை யார் கணக்கிட்டார்? இன்னொன்றும் சொல்ல வேண்டும். "ஆகாசவாணி, செய்திகள் வாசிப்பது" என்று தொடங்கி, வாசிப்பவர் தம் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் இந்நாட்டு வானொலியிலே தமிழ்ச் செய்தி பல்லாண்டுகள் ஒலித்தது. 2022இல் மறைந்த சரோஜ் நாராயணசுவாமியின் பெயரைச் செய்தியோடு சேர்த்தே ஒரு தலைமுறை மனப்பாடம் செய்திருந்தது. செய்தியை எழுதியவர் அவர் அல்லர். எனினும் ஒரு பெயர் முன்னே வந்து நின்றது.

இனி இன்றைய இளைஞரின் ஐயத்துக்கு வருவோம். இந்த ஐயம் நம் நாட்டுக்கே உரியதன்று. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ராய்ட்டர்ஸ் ஆய்வு நிறுவனம் ஆண்டுதோறும் பல நாட்டு மக்களிடம் கேட்டு ஓர் அறிக்கை வெளியிடுகிறது. 2024ஆம் ஆண்டு அறிக்கை 47 நாடுகளை உள்ளடக்கியது. பெரும்பாலான செய்திகளைப் பெரும்பாலும் நம்புகிறோம் என்றவர்கள் 100க்கு 40 பேரே. பின்லாந்தில் இந்த எண் 69. கிரீசிலும் ஹங்கேரியிலும் 23. செய்தி என்றாலே சில வேளை அல்லது பல வேளை ஒதுங்கிப் போகிறோம் என்றவர்கள் 39 பேர். நம் நாட்டு எண் 41 என்றாலும், ஆங்கிலம் அறிந்து இணையத்தைப் பயன்படுத்துவோரிடமே பெரும்பாலும் கேட்கப்பட்டது அது. நம் சிற்றூர்களின் மனநிலையை அதிலே தேடலாகாது.

எண்கள் ஒருபுறம் இருக்கட்டும். செய்தித்தாளை நம்பாதவன் எதையுமே நம்பாதவன் என்று நினைத்தால் அது பெரும் பிழை. பத்திரிகையும் பொய், தொலைக்காட்சியும் பொய் என்று சொல்லுகிற அதே மனிதர், மைத்துனர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறார். காரணம் அறியாமை அன்று. அனுப்பியவர் மைத்துனர், நல்லவர், நம் பிள்ளைகளிடம் அன்புடையவர். ஆனால் மைத்துனருக்கு அனுப்பியவர் யார்? அவருக்கு அனுப்பியவர்? சங்கிலியைப் பிடித்துக்கொண்டு பின்னே போனால் எங்கோ ஓரிடத்தில் இருட்டு. 2018 ஜூலையில், நாடெங்கும் இப்படிப்பட்ட கொலைகள் நடந்த பிறகு, ஒரே செய்தியை ஒரே தடவையில் ஐந்து பேருக்கு அல்லது ஐந்து குழுக்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி அந்த நிறுவனம் இந்தியாவிலே கட்டுப்படுத்தியது. கட்டுப்பாடு வேகத்தைக் குறைக்கும். முதலில் சொன்னவன் யார் என்ற கேள்விக்கு விடை தராது.

2023ஆம் ஆண்டின் தொடக்கத்திலே நடந்ததையும் நினைத்துப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடித்துக் கொல்லுகிறார்கள் என்று சொல்லும் படக்காட்சிகள் வடநாடு முழுதும் பரவின. சில அச்சுப் பத்திரிகைகளும் அதை ஏற்று எழுதிவிட்டன. திருப்பூரிலும் கோயம்புத்தூரிலும் உழைத்துக்கொண்டிருந்த பிள்ளைகளை, ஊரிலிருந்து தாய்மார் அழுதுகொண்டே திரும்பி வரச் சொன்னார்கள். ரெயில் நிலையங்களில் கூட்டம் கூடியது. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து விசாரித்துப் போயிற்று. அக்காட்சிகள் வேறு சச்சரவுகளின்போது எடுத்தவை என்று நம் போலீசார் விளக்கினார்கள், வழக்குகளும் தொடுத்தார்கள். இந்தப் பொய்யை உடைக்க முனைந்தவர்கள் செய்தது என்ன? பெரிய தந்திரம் ஒன்றும் இல்லை. காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்கள். கடைப் பலகையில் எந்த மொழி, வண்டியில் எந்த மாநிலத்து எண், இதே படம் இதற்கு முன்பு இணையத்தில் எங்கே வந்தது என்று தேடினார்கள். சம்பவம் நடந்ததாகச் சொல்லப்பட்ட ஊருக்குத் தொலைபேசியிலே கூப்பிட்டுக் கேட்டார்கள். கைப்பேசியும் பொறுமையும் உள்ள கல்லூரி மாணவர் எவரும் செய்யக்கூடிய வேலை. இப்போது இயந்திரமே மனிதர் குரலையும் முகத்தையும் போலியாக ஆக்கித் தருகிறது. ஆகையால் கண்ணையும் காதையும் மட்டும் நம்பி இந்த வேலையைச் செய்ய முடியாது. ஊருக்குத் தொலைபேசியிலே கேட்பதன் மதிப்பு கூடியிருக்கிறது.

இதைக் கற்றுத்தரக் கல்லூரி வேண்டுமா என்பது பழைய வாக்குவாதம். பத்திரிகைக்காரன் பிறக்கிறான், உருவாவதில்லை என்று சொன்ன பெரியவர்கள் உண்டு. அமெரிக்காவில் மிசௌரிப் பல்கலைக்கழகம் 1908இல் தனிப் பள்ளியே தொடங்கிவிட்டது. நம் நாட்டிலே அன்னி பெசன்ட் அம்மையார் 1920இல் அடையாற்றில் ஒரு முயற்சி செய்தார். லாகூரிலே பஞ்சாப் பல்கலைக்கழகம் 1941இலும், சென்னைப் பல்கலைக்கழகம் 1947இலும் இக்கல்விக்கு இடம் தந்தன. நான் எந்தப் பள்ளியிலும் படித்தவன் அல்லேன். மேசையிலே குட்டுப் பட்டுக் கற்றவன். அதனாலேயே அந்தக் கல்வி வீண் என்று சொல்ல மாட்டேன். நான் குட்டுப் பட்டுக் கற்றதற்கு விலை கொடுத்தவர் ஒரு கிழவரும் அவர் மகளும் அல்லவா?

ஆனால் படிக்க வருகிறவர்கள் எதை நாடி வருகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். காட்சித் தொடர்பியல் என்று ஒரு படிப்பு உண்டு; அதற்கு வரும் பிள்ளைகளிலே பலருக்குச் சினிமாவின்மீதுதான் கண். தொலைக்காட்சியிலே முகம் தெரிய வேண்டுமென்று வருவோரும் உண்டு. விருப்பத்தைக் குறை சொல்ல நான் யார்? ஒன்று மட்டும் சொல்லுவேன். ஒலிவாங்கியைப் பிடிக்க ஒரு வாரம் போதும். பஞ்சாயத்து வரவு செலவுக் கணக்கைப் படிக்கவும், நீதிமன்றத் தீர்ப்பிலே நீதிபதி சொன்னது எது, வக்கீல் சொன்னது எது என்று பிரித்தறியவும், பிரேதப் பரிசோதனை அறிக்கையிலே ஒரு சொல்லைத் தவறவிடாமல் பார்க்கவும் ஆண்டுகள் வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இல் வந்தது. பத்து ரூபாய்க் கட்டணத்தில், ஊர் ஏரியைத் தூர்வாரச் செலவிட்டது எவ்வளவு என்று எந்தக் குடிமகனும் எழுதிக் கேட்கலாம். பொதுவாக 30 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். நான் பேசிய கல்லூரியில் கை தூக்கிய பதினால்வரையும் கேட்டேன், இப்படி ஒரு மனு எழுதியவர் உண்டா என்று. ஒருவரும் இல்லை. நாளைக்கே எழுதலாம், பட்டம் வாங்கும் வரையில் காத்திருக்க வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த மாணவியின் தந்தையாரைத் தொலைபேசியில் கூப்பிட எனக்குப் பத்து நாள் ஆயிற்று. சோம்பல் என்று சொன்னால் பாதிதான் உண்மை. மிகவும் மரியாதையாகப் பேசினார். இரண்டு கேள்விகளை முன்னரே எண்ணி வைத்திருந்தார் போலும். நானும் அவர் மகளின் வகுப்பிலே இரண்டு கேள்விகள் கேட்டவன்தானே!

"இந்தத் தொழிலிலே சோறு கிடைக்குமா, ஐயா?" என்றார். உள்ளதைச் சொன்னேன். தொடக்கத்திலே சம்பளம் பெரிதாக இராது. முதல் இரண்டு மூன்று ஆண்டு வீட்டிலிருந்து அவளுக்குப் பணம் அனுப்ப வேண்டியிருக்கலாம். இரவு வேலை உண்டு. சிற்றூர்களிலே பகுதி நேர நிருபர்களாக இருப்பவர்களுள் பலர் வேறு தொழிலும் செய்தே பிழைக்கிறார்கள். 2020இல் நோய்த்தொற்று வந்தபோது வேலையிழந்த பத்திரிகைக்காரர்கள் எனக்குத் தெரிந்தவர்களிலேயே உண்டு. அவர் "உம்" என்றார்.

"பொய் சொல்லாமல் பிழைக்க முடியுமா?" என்றார் அடுத்தபடியாக. நான் நேராக விடை சொல்லவில்லை. உயிரோடு வந்து நின்ற கிழவரின் கதையைச் சொன்னேன். கடைசிப் பக்கத்து வரியைச் சொன்னேன். ஆசிரியரின் சிவப்பு மையையும் சொன்னேன். அவர் குறுக்கே பேசவில்லை. கதை முடிந்த பிறகும் பேசவில்லை. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"பேப்பரிலே கீழே பேர் இருக்கிறது என்கிறீர்கள்" என்றார் கடைசியாக. "நான் அனுப்பினேனே, அதிலும் பேர் இருந்தது, ஐயா. என் பேர். எங்கள் மாமன் மச்சான் எல்லாரும் அதை நம்பினதே அதனாலேதான்."

என்ன சொல்லுவது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, மேற்படிப்புக்கு விண்ணப்பம் போடக் கடைசி நாள் எது, எந்த அலுவலகத்திலே கொடுக்க வேண்டும் என்று கேட்டார். சொன்னேன். இன்னொரு தடவை மெதுவாகச் சொல்லச் சொன்னார், எழுதிக்கொள்ளுகிறேன் என்றார். எழுதி முடித்த பிறகு, தேதியையும் விலாசத்தையும் எனக்குத் திரும்ப வாசித்துக் காட்டி, "சரிதானே, ஐயா?" என்றார்.